பள்ளியில், கல்லூரியில், வேலையிடத்தில்: சாதி ஒதுக்கலுக்கு எதிராகச் சட்டத்தின் துணை

கர்நாடகத்தின் ஹனூர் பக்கம் ஒரு பிள்ளையைச் சாதி சொல்லி ஒதுக்கினால், அந்தக் குடும்பம் முதலில் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் காவல் நிலையம் அல்ல; ஊர் யஜமானர் வீட்டுத் திண்ணை. "ஏம்மா, நாளைக்கும் ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கணும்ல? வாத்தியாரை வருத்தம் தெரிவிக்கச் சொல்றோம், விட்டுடு" என்பார்கள். ராஜி என்று அதற்குப் பெயர். ராஜி பேசி முடிப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். அந்த ஒரு வாரத்தில், கண்ணால் பார்த்த பிள்ளைகள் "எனக்குத் தெரியாது" என்று சொல்லப் பழகியிருப்பார்கள். பிரித்து வைத்த தட்டுகள் மற்றவற்றோடு கலந்திருக்கும். பிறகு புகார் எழுதும்போது, நடந்ததற்கு உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு எதுவும் மிச்சம் இருக்காது.

இந்த அத்தியாயம் அந்த ஒரு வாரத்துக்காக எழுதப்பட்டது. சாதி வழக்குகள் பெரும்பாலும் தோற்பது நீதிமன்றத்தில் அல்ல. முதல் காகிதத்திலேயே தோற்றுவிடுகின்றன என்பது என் உறுதியான எண்ணம். சட்டம் வலுவாகத்தான் இருக்கிறது. அதன் சொற்களுக்குள் பொருந்துகிறபடி நடந்ததை எழுதிக் கொடுப்பதில்தான் சறுக்குகிறோம்.

இந்த மண்ணின் சட்டக் கதை

ஹனூர் இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் தனித் தாலுகா. 1997இல் அந்த மாவட்டம் பிரிக்கப்படும் வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன்போ ஹனூர் அடங்கிய கொள்ளேகால் தாலுகா முழுவதும் சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் மட்டுமல்ல, இந்தப் பகுதிக்கும் சேர்த்து இயற்றப்பட்டதுதான். தீண்டாமைக்கு எதிரான சட்டம் இங்கே நேற்று வந்து இறங்கியது அல்ல. "இதெல்லாம் பெங்களூர்க்காரன் கொண்டுவந்தது" என்று யாராவது சொன்னால், உங்கள் தாத்தா காலத்துச் சட்டம் இது என்று சொல்லுங்கள்.

சட்டம் இருந்தும் பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் மறக்க முடியாது. நஞ்சன்கூடு தாலுகாவின் பதனவாளுவில் கோயில் நுழைவை ஒட்டி எழுந்த பகையில் 1993இல் தலித்துகள் மூவர் கொல்லப்பட்டார்கள். சாமராஜநகர் அருகே ஹெக்கோட்டாராவில் 2022 நவம்பரில், திருமணத்துக்கு வந்த ஒரு தலித் பெண் தெருவிலிருந்த தொட்டிக் குழாயில் தண்ணீர் குடித்தார் என்பதற்காக, தொட்டியைக் காலி செய்து மாட்டுக் கோமியம் ஊற்றிக் கழுவினார்கள். அந்தச் செய்தி வெளியே வந்த பிறகு வட்டாட்சியரே தலித் மக்களை அழைத்துப்போய் ஊர்க் குழாய்களில் தண்ணீர் குடிக்க வைத்தார். வழக்கும் பதிவானது.

இரண்டு சட்டங்கள், இரண்டு வாசல்கள்

அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதைச் செயல்படுத்த இரண்டு சட்டங்கள் உள்ளன. முதலாவது, 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், வழக்கறிஞர்கள் பி.சி.ஆர். என்பார்கள். இரண்டாவது, 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஊரில் இதை "அட்ராசிட்டி கேஸ்" என்றே சொல்வார்கள். இந்த இரண்டாம் சட்டம்தான் கூர்மையானது. 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பள்ளிக்கும் வேலையிடத்துக்கும் நேராகப் பொருந்தும் பல குற்றங்கள் அதில் சேர்ந்தன.

அவற்றில் மூன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். பிரிவு 3(1)(ஆர்), பிறர் பார்வை படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது. 3(1)(எஸ்), அதேபோன்ற இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது. 3(1)(இசட்.ஏ), தடுப்பது: தண்ணீர், பாதை, கல்வி நிலையம், மருத்துவமனை, பொதுப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் பாத்திரங்கள், ஒரு தொழிலோ வேலையோ செய்வது என அதன் உட்பிரிவுகள் நீள்கின்றன. பிள்ளைக்குத் தனித் தட்டு வைப்பதும், ஆளின் சாதி தெரிந்ததும் வேலையிலிருந்து நிறுத்துவதும் இந்த மூன்றாவது பிரிவுக்குள் வரக்கூடியவை. இந்தக் குற்றங்களுக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. செய்தவர் அரசு ஊழியரானால், அரசுப் பள்ளி ஆசிரியரும் அதில் அடக்கம், குறைந்தபட்சம் ஓராண்டு.

ஊர்ப்புறத்தில் மிகவும் பயன்படுகிற, ஆனால் பலருக்கும் தெரியாத ஒரு பிரிவு 8(சி). குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் தெரியும் என்றால், அவரது சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஒரே பள்ளியில் பல வருடம் பாடம் எடுத்த ஆசிரியர், "அந்தப் பிள்ளை என்ன சாதி என்றே எனக்குத் தெரியாது" என்று எளிதில் தப்பித்துவிட முடியாது.

முதல் காகிதம்

வழக்கமாக எழுதப்படும் புகார் இப்படி இருக்கும்: "எங்கள் மகளைச் சாதி பார்த்து மிகவும் கேவலமாக நடத்துகிறார்கள். மன உளைச்சலுக்கு ஆளாகியிருக்கிறாள். தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்."

இதில் வேதனை இருக்கிறது, குற்றம் இல்லை. யார், எப்போது, எங்கே, யார் முன்னால், என்ன சொல்லி, என்ன செய்தார் என்று ஒன்றுமே இல்லை. இதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள். (இது மாதிரிக்காக நான் அமைத்தது.)

"ஜூலை 8ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதியம் சுமார் 12.50 மணி. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பிசியூட்டா (மதிய உணவு) வரிசையில் நின்றாள். சமையலறை வாசலில் ஆசிரியர் இன்னார் நின்றிருந்தார். என் மகள் அடுக்கிலிருந்து தட்டை எடுத்தபோது அவர் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, சுவரோரம் தனியாக இருந்த நான்கு தட்டுகளைக் காட்டி, (அவர் கன்னடத்தில் சொன்ன சொற்கள், அப்படியே) என்றார். அப்போது வரிசையில் என் மகளுக்கு முன்னும் பின்னும் இருந்த மாணவர்கள் இன்னார், இன்னார். பரிமாறிக்கொண்டிருந்தவர் இன்னார். அந்த நான்கு தட்டுகளை எடுத்த பிள்ளைகள் நால்வரும் எங்கள் ஏ.கே. காலனியைச் சேர்ந்தவர்கள். நாங்கள் ஆதி கர்நாடக சாதியைச் சேர்ந்தவர்கள். ஆசிரியர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் அல்லர். எங்கள் குடும்பத்தை அவருக்கு ஆறு வருடமாகத் தெரியும்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் சட்டத்தில் ஒரு வேலை இருக்கிறது. வரிசையில் நின்ற பிள்ளைகளின் பெயர், பிறர் பார்வை படும் இடம் என்பதற்கு. தனித் தட்டு, பொதுப் பாத்திரம் தடுக்கப்பட்டதற்கு. நால்வரும் ஒரே காலனி என்பது, ஒதுக்கலுக்குக் காரணம் சாதிதான் என்பதற்கு. ஆசிரியர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் அல்லர் என்ற வரி விட்டுப்போனால், சட்டத்தின் முதல் நிபந்தனையே நிறைவேறவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆறு வருடப் பழக்கம், மேலே சொன்ன 8(சி)க்கு. சொன்ன சொற்களைச் சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும். நாகரிகமாக மாற்றி எழுதாதீர்கள். வாயில் சொல்லக் கூசும் சொல்லானாலும் காகிதத்தில் வர வேண்டும்.

பிறர் பார்வை என்பதில் உச்சநீதிமன்றம் கண்டிப்பாக இருக்கிறது. 2020இன் ஹிதேஷ் வர்மா வழக்கில், வெளியார் யாரும் இல்லாமல் வீட்டின் நான்கு சுவருக்குள் நடந்த வசவு இந்தப் பிரிவுக்குள் வராது என்றது. திருச்சிப் பக்கத்து வழக்கொன்றில், ஒரு வருவாய்த்துறை அலுவலர் தம் அலுவலக அறையிலேயே சாதி சொல்லித் திட்டப்பட்டதாகப் புகார் கொடுத்தார். உடன் பணிபுரிபவர்கள் சம்பவத்துக்குப் பிறகுதான் உள்ளே வந்தார்கள் என்று புகாரிலேயே இருந்தது. 2025 ஜனவரி 31 அன்று, கருப்புடையார் வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பில், நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. ஆகவே "அப்போது அங்கே யார் இருந்தார்கள்" என்பதைப் புகார் எழுதும் முன்பே பாதிக்கப்பட்டவரிடம் பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாத ஆளை இருந்ததாக எழுதவே கூடாது. ஒரு பொய்ச் சாட்சி உண்மையான வழக்கையும் சேர்த்து மூழ்கடிக்கும். யாருமே இல்லை என்றால் திட்டியதை விட்டுவிட்டு, தடுத்ததை மையமாக வைத்து எழுதுங்கள். தடுத்தல் குற்றத்துக்குப் பிறர் பார்வை நிபந்தனை இல்லை.

கைப்பேசியில் படமோ காணொளியோ இருந்தால் அந்தக் கைப்பேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், கோப்பை வெட்டி ஒட்டாதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றும் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த காணொளிக்கு அந்தச் சான்று கொடுக்க ஆள் கிடைக்காது. எடுத்தவரையே கண்டுபிடியுங்கள்.

காவல் நிலையத்தில்

ஹனூரிலோ ராமாபுராவிலோ மாதேஸ்வரன் மலையிலோ, எந்த நிலையத்துக்குப் போனாலும் எழுத்து கன்னடத்தில்தான் நடக்கும். நம்மில் பலர் கன்னடம் நன்றாகப் பேசுவோம், வாசிக்க வராது. எழுதி நீட்டியதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, பிறகு அதில் "வாய்த்தகராறு" என்று மட்டும் இருப்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு. வன்கொடுமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அதையே அதிகாரியின் கடமை என்று மறுபடியும் சொல்லி, வேண்டுமென்றே தவறினால் அவருக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. கன்னடம் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். "சார், ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், வாங்காமல் வெளியே வராதீர்கள்.

"முதலில் விசாரித்துப் பார்க்கிறோம், பிறகு எஃப்.ஐ.ஆர். போடுகிறோம்" என்றால் அது இந்தச் சட்டத்தில் செல்லாது. 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் முன்விசாரணையை நுழைத்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அதை நீக்கியது. 2020இல் உச்சநீதிமன்றமும் அந்தப் பிரிவை ஏற்றுக்கொண்டது. இதைச் சொன்ன பிறகும் மறுத்தால், எழுத்துப் புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்தது நீதித்துறை நடுவர். கர்நாடகத்தில் குடிமை உரிமைகள் அமலாக்க இயக்குநரகம் என்று காவல்துறையின் தனிப் பிரிவே இருக்கிறது. அங்கும் ஒரு நகல் போகட்டும். தேசிய உதவி எண் 14566. வழக்கறிஞர் வேண்டுமானால் 15100. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம்.

ராஜிக்கு வற்புறுத்தினால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வன்கொடுமைச் சட்டக் குற்றங்கள் இருதரப்பும் கைகுலுக்கி முடித்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை அல்ல. நிலையத்தில் எழுதி வாங்கும் ராஜிக் கடிதத்தால் வழக்கு முடியாது. ஆனால் பின்னால் "அப்போதே சமாதானமாகிவிட்டார்கள்" என்று உங்களுக்கு எதிராகக் காட்ட அது ஒரு காகிதம் ஆகிவிடும்.

பள்ளி

எல்லாவற்றுக்கும் காவல் நிலையம்தான் என்று நான் சொல்லவில்லை. சிறு பிள்ளை தொடர்ந்து அதே பள்ளிக்குப் போயாக வேண்டும். எனவே இரண்டு பாதையையும் சேர்த்து யோசியுங்கள். கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 17ஆம் பிரிவில் தடை செய்கிறது. நலிந்த பிரிவுப் பிள்ளைகள் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் காப்பது அரசின் கடமை, உள்ளாட்சியின் கடமை என்கிறது. ஹனூர் வட்டாரக் கல்வி அலுவலரிடம், அதாவது பி.இ.ஓ.விடம், கொடுக்கும் மனுவில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள்: தட்டுகள் ஒன்றாக வைக்கப்பட வேண்டும், அந்த ஆசிரியர் உணவு நேரப் பொறுப்பில் இருக்கக் கூடாது, பள்ளி வளர்ச்சி, மேற்பார்வைக் குழுவின் (எஸ்.டி.எம்.சி.) கூட்டத்தில் இது பேசப்பட்டுக் குறிப்பில் ஏற வேண்டும். "தக்க நடவடிக்கை" என்று கேட்டால் தக்க பதில் ஒன்று வரும், வேறொன்றும் வராது.

சாமராஜநகர் தாலுகா ஹொம்மா கிராமத்தை நினைத்துப் பாருங்கள். 2025 ஜூனில், அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் தலைமைச் சமையலராக நியமிக்கப்பட்ட பிறகு, இருந்த 22 பிள்ளைகளில் ஒருவர் தவிர மற்றவர்களைப் பெற்றோர் பள்ளியிலிருந்து விலக்கிக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது. அதிகாரிகள் போய் விசாரித்தபோது படிப்புத் தரம் சரியில்லை என்பதும் காரணமாகச் சொல்லப்பட்டது. சாதிப் புறக்கணிப்பு எப்போதும் இப்படி வேறொரு சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும். அதை உரித்துக் காட்டுவது தேதிகள்தான். நியமன உத்தரவு எந்தத் தேதி, அதற்கு முன் உணவு சாப்பிட்டவர்கள் எத்தனை பேர், பின் எத்தனை பேர், மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பங்கள் எந்தத் தேதியில் வந்தன: இவை எல்லாம் பள்ளியின் பதிவேட்டிலேயே இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் தந்தாக வேண்டும். இத்தகைய சமையலருக்காக வாதாடுகிறவர்கள் கையில் ஒரு நல்ல ஆயுதம் உண்டு. 2004 ஏப்ரல் 20 அன்று உச்சநீதிமன்றம், மதிய உணவுச் சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றே உத்தரவிட்டது. அவர் அந்த அடுப்படியில் நிற்பது யாரோ போட்ட பிச்சை அல்ல, உச்சநீதிமன்றத்தின் ஆணை.

கழிப்பறை கழுவ வைப்பது தனிக் கொடுமை. கோலார் மாவட்டம் மாலூர் தாலுகாவில் உறைவிடப் பள்ளி ஒன்றில் மாணவர்களைக் கழிவுக் குழிக்குள் இறக்கியது 2023 டிசம்பரில் வெளியே வந்தபோது, முதல்வர் உட்படக் கைதானார்கள். அங்கே காணொளி இருந்தது. எல்லா இடத்திலும் இருக்காது. யார் யாரை எந்தக் கிழமை எந்த வேலைக்கு அனுப்பினார்கள் என்று பிள்ளைகளே ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அதுவும் சாட்சியம்தான்.

கல்லூரி

ஹனூர்ப் பிள்ளைகள் கொள்ளேகால், சாமராஜநகர், மைசூர் என்று போய்ப் படிக்கிறார்கள். அங்கே தட்டைப் பிரிப்பதில்லை. செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணைப் பிரிப்பார்கள், "கோட்டா" என்று ஒரு சொல்லை வீசுவார்கள், ஆய்வு வழிகாட்டி கையெழுத்துப் போடாமல் மாதக்கணக்கில் அலைக்கழிப்பார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ விதிகள்படி ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்புப் பிரிவும், பாகுபாடு எதிர்ப்பு அதிகாரியும் இருக்க வேண்டும். அந்த அதிகாரியின் பெயரைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். அறிவிப்புப் பலகையில் இல்லை என்றால் முதல்வருக்கு எழுதிக் கேளுங்கள். "அப்படி யாரும் இல்லை" என்று வரும் பதிலே பின்னால் உதவும். இந்த விதிகள் திருத்தப்பட்டு வரும் காலம் இது. புகார் கொடுக்கும் நாளில் நடப்பில் இருப்பது எது என்று வழக்கறிஞரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் பல்கலைக்கழக விடுதியில் உயிரை மாய்த்துக்கொண்டார். மும்பையில் முதுநிலை மருத்துவம் படித்த பாயல் தத்வி 2019 மே மாதம் உயிரிழந்தார். அவர்களுடைய தாய்மார்கள் ராதிகா வெமுலாவும் ஆபேதா தத்வியும் அதே ஆண்டில் சேர்ந்து உச்சநீதிமன்றம் போனார்கள், இனி எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஆகக் கூடாது என்று. ஆகவே ஒரு மாணவரோ மாணவியோ "எனக்கு இனி முடியாது" என்ற தொனியில் பேசினால், அன்று புகார் எழுதுவது இரண்டாவது வேலை. முதல் வேலை, அவரைத் தனியே விடாமல் ஊருக்கோ நம்பும் ஆளிடமோ கொண்டு சேர்ப்பது. மனநல உதவிக்கு டெலிமானஸ் எண் 14416ஐ அழைப்பது. வழக்கைப் பிறகு நடத்தலாம்.

வேலையிடம்

தனியார் வேலையில் சாதிப் பாகுபாடு கூடாது என்று விரிவாகச் சொல்லும் தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. இது பெரிய ஓட்டை. கிரானைட் குவாரியிலும் தோட்டத்திலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் வேலை பார்க்கிறவர்களுக்குக் கையில் இருப்பது மேலே சொன்ன அதே வன்கொடுமைச் சட்டப் பிரிவுகளும், கட்டாய உழைப்பு, கொத்தடிமை பற்றிய பிரிவுகளும், தொழிலாளர் அலுவலகமும்தான். கூலிப் பாக்கித் தகராறை மட்டும் வைத்துக்கொண்டு அட்ராசிட்டி கேஸ் போடாதீர்கள். கூலிக்குத் தொழிலாளர் அலுவலர், சாதி வசவுக்குக் காவல் நிலையம் என்று இரண்டையும் தனித்தனிக் காகிதமாக்குங்கள். ஒன்றாகக் கலந்தால், "காசுக்காகச் சாதியை இழுக்கிறார்கள்" என்ற வாதத்துக்கு நீங்களே இடம் கொடுத்தது போலாகும்.

எல்லையில் இருக்கும் நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மேட்டூர், கொளத்தூர், அந்தியூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வருகிறார்கள். இங்கிருந்து அங்கே போகிறார்கள். சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இட ஒதுக்கீட்டுக்குச் சொந்த மாநிலச் சான்று பிற மாநிலத்தில் செல்லாது என்பது பழைய தீர்ப்பு. ஆனால் வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு வேறு விஷயம்: சொந்த மாநிலத்தில் பட்டியல் சாதியானவர் நாட்டின் எந்த மூலையிலும் அந்தப் பாதுகாப்பைக் கோரலாம் என்று 2023இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியிருக்கிறது. அதைக் கர்நாடகத்து நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டலாம். வேலைக்குக் கிளம்பும்போதே சாதிச் சான்றின் நகலைப் பையில் வையுங்கள். கர்நாடகத்தார் வருவாய்த்துறையின் நாட கச்சேரியில் வாங்கிய சான்றின் ஆர்.டி. எண்ணையாவது கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

மதம் மாறியவர்களுக்கு

மார்ட்டள்ளி போன்று தமிழ்க் கத்தோலிக்கர் நிறைந்த ஊர்கள் நம் தாலுகாவில் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியில் சேர்வார்கள். கிறிஸ்தவராகிவிட்ட தலித் குடும்பத்தின் புகாரை அதனால் அட்ராசிட்டி சட்டத்தில் எடுக்க மாட்டார்கள். தெருவும் ஒதுக்கலும் மாறவில்லை, சட்டப் பாதுகாப்பு மட்டும் போய்விட்டது. இது அநியாயம் என்றே கருதுகிறேன். இந்த நிலையில் பழைய பி.சி.ஆர். சட்டத்தை எடுங்கள். தீண்டாமையின் பேரில் "எந்த நபரையும்" தடுப்பது குற்றம் என்றுதான் அதில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியாக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கல்வி நிலையம், விடுதி, தண்ணீர், தொழில் எல்லாம் அதிலும் உண்டு. தண்டனை குறைவு, ஆறு மாதம் வரைதான். இருந்தாலும் பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம். சோலிகர் போன்ற பழங்குடியினருக்கு இந்தச் சிக்கல் இல்லை. பழங்குடிப் பட்டியலுக்கு மத நிபந்தனை கிடையாது.

இப்படி, பொருந்தாத சட்டத்தில் ஒரு கதவைக் கண்டுபிடித்தவர்கள் யூதர்கள். அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம், அரசுப் பணம் பெறும் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இனம், நிறம், பூர்விகத் தேசம் பார்த்துப் பாகுபாடு செய்யக் கூடாது என்றது. மதத்தை அந்தப் பிரிவில் சேர்க்கவில்லை. யூத மாணவன் அவமதிக்கப்பட்டால், "அது மத விஷயம்" என்று கைகழுவ இடமிருந்தது. இதற்கிடையில் மேரிலாந்தில் ஒரு யூதத் தொழுகைக் கூடத்தின் சுவரில் வெறுப்பு வாசகங்கள் எழுதப்பட்டன. அவர்கள் 1866ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்றைக் கையில் எடுத்தார்கள். அந்தச் சட்டம் இயற்றப்பட்ட காலத்தில் யூதரைத் தனி இனமாகவே பார்த்தார்கள், எனவே அது அவர்களையும் காக்கும் என்று 1987இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அதன் பிறகு 2004 வாக்கில், பொது வம்சாவளி என்ற அடிப்படையில் பள்ளிப் புகார்களையும் கல்வித் துறை ஏற்கத் தொடங்கியது.

அந்தப் பாதை நம்மவர்களுக்கும் பயன்பட்டது. லண்டனில் ஒரு யூதப் பள்ளியின் சேர்க்கை விதி பற்றி 2009இல் வந்த தீர்ப்பு, தாய்வழி வம்சம் பார்ப்பதும் இனப் பாகுபாடே என்றது. இந்திய வீட்டு வேலைப் பெண் ஒருவர் இங்கிலாந்தில் தொடுத்த டிர்க்கி வழக்கில், 2014இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த வாதத்தையும் எடைபோட்டு, சாதியும் வம்சாவளி சார்ந்த இன அடையாளத்துக்குள் வரக்கூடும் என்றது. மற்றப் பல்கலைக்கழகங்கள் யூதர்களைக் கணக்கு வைத்துச் சேர்த்த காலத்தில், 1948இல் யூதச் சமூகம் தொடங்கிய பிராண்டைஸ் பல்கலைக்கழகம்தான், 2019 டிசம்பரில் தன் பாகுபாடு எதிர்ப்புக் கொள்கையில் சாதியையும் சேர்த்தது. வெளிநாட்டில் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்கட்டும். அங்கே சாதி என்ற சொல் சட்டத்தில் இல்லாவிட்டாலும் வம்சாவளி என்ற வாசல் திறந்திருக்கலாம்.

எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு

விசாரணை அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் (டி.ஒய்.எஸ்.பி.) நிலைக்குக் கீழே இருக்கக் கூடாது. குற்றப்பத்திரிகைக்கு 60 நாள். நாட்காட்டியில் குறித்து வைத்து, 45ஆம் நாள் ஒரு நினைவூட்டுக் கடிதம் போடுங்கள். சாதி வசவு, இழிவுபடுத்தல் போன்றவற்றுக்கு நிவாரணம் ஒரு லட்ச ரூபாய், தவணை தவணையாக. முதல் தவணை எஃப்.ஐ.ஆர். நிலையிலேயே. அதைப் பெற்றுக்கொண்டதால் வழக்கு வலுவிழக்காது, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. பணம் வராவிட்டால் மாவட்ட ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய கண்காணிப்புக் குழுவுக்கு எழுதுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் கேட்கும்போது உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும், உங்கள் பேச்சைக் கேட்க வேண்டும்: இது பிரிவு 15ஏ. 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்சநீதிமன்றம் இதைக் கட்டாயம் என்றே சொல்லிவிட்டது. நோட்டீஸ் இல்லாமல் ஜாமீன் கிடைத்திருந்தால் அதையே எதிர்த்துப் போகலாம்.

மாவட்டத் தனி நீதிமன்றம் சாமராஜநகரில். ஹனூரிலிருந்து பஸ் மாறிப் போய் வர ஒரு நாள் கூலி போய்விடும், சாட்சிக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து. இந்தச் செலவால்தான் பல சாட்சிகள் இரண்டாம் வாய்தாவோடு நின்றுவிடுகிறார்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 11ஆம் விதி பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணச் செலவு, சாப்பாட்டுப் படி, அன்றைய கூலி எல்லாம் தரச் சொல்கிறது. மூன்று நாளுக்குள் தர வேண்டும். விசாரணைக்காக டி.ஒய்.எஸ்.பி. அலுவலகம் போனதற்கும் அது பொருந்தும். பஸ் டிக்கெட்டுகளைக் கசங்காமல் ஒரு உறையில் போட்டு, வாய்தா தேதியையும் போனவர் பெயரையும் மேலே எழுதி, மனுவோடு கொள்ளேகால் உதவி ஆணையர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.